கைவிடப்பட்ட கல்குவாரிகளுக்கு வேலி கேட்கும் முறை

கருங்கல்லை வெட்டி எடுத்து முடித்தபின் அப்படியே விடப்பட்டு, மழைநீர் நிரம்பிக் கிடக்கும் குவாரிப் பள்ளங்களில் சிறுவர்களும் கல்லூரி மாணவர்களும் மூழ்கி இறப்பது தமிழ்நாட்டில் கோடை விடுமுறைதோறும் செய்தியாகிறது. கல்குட்டை என்றும், கொங்குப் பகுதியில் பாறைக்குழி என்றும் வழங்கும் இவற்றில் ஓர் உயிர் போனால் அடுத்து நடப்பவையும் ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் நடக்கின்றன: சாலை மறியல் நடக்கிறது, வட்டாட்சியர் வந்து சமாதானம் பேசுகிறார், ‘ஆபத்தான பகுதி, குளிக்காதீர்’ என்ற பலகை நடப்படுகிறது, ‘உரிய நடவடிக்கை எடுக்குமாறு’ ஒரு மனு கொடுக்கப்படுகிறது. அந்த மனுவில் புல எண்ணும் சட்டப்பிரிவும் இல்லாததால், யார் எதைச் செய்ய வேண்டும் என்பதும் சொல்லப்படாததால், அது அலுவலகம் மாறி அலுவலகமாக அனுப்பப்பட்டு, அடுத்த சாவு வரை கோப்பிலேயே கிடக்கிறது. பள்ளத்துக்கு வேலியிட உத்தரவிடும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதைச் சட்டம் பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறது. மனு கொடுப்பவர்களும் அதைப் பெறும் அலுவலர்களும் அந்தப் பிரிவைப் புரட்டிப் பார்க்காததே பெருங்கேடாக இருக்கிறது.

ஏரிக்கும் குளத்துக்கும் கரையிலிருந்து சரிந்து இறங்கும் தரை உண்டு. குவாரிக்கு அது கிடையாது. பாறையைப் படிப்படியாக வெட்டி இறங்குவதே குவாரி வேலையின் முறை என்பதால், நீர் நிரம்பியபின் முழங்காலளவு நீரில் பாசி படிந்த கல்லின்மேல் நிற்பவர் அடுத்த அடி வைக்கும்போது காலுக்குக் கீழே தரையே இருப்பதில்லை, திரும்பிப் பற்ற முயன்றால் செங்குத்தான வழுக்குப் பாறை மட்டுமே கைக்கு எட்டுகிறது. மேலிருந்து குதிப்பவருக்கு நீருக்குள் மறைந்திருக்கும் அடுத்த படி தெரியாது, தலையும் கழுத்தும் அதில் மோதுகின்றன. மேல்நீர் வெயிலில் சூடேறியிருந்தாலும் ஆழத்து நீர் குளிர்ந்தே இருப்பதால், திடீரென உள்ளே போனவருக்கு மூச்சு திணறுகிறது. வெடி வைத்துப் பிளந்த பாறை விளிம்பில் தளர்ந்து நிற்கும் என்பதால், குளிக்காமல் வெறுமனே விளிம்பில் நின்று செல்பேசியில் படம் எடுப்பவருக்கும் ஆபத்து உண்டு. நீச்சல் தெரியும் என்பது இவ்விடத்தில் பாதுகாப்பு ஆகாது.

இவ்வளவு சொல்லியும் இறங்குபவர்கள் இருப்பார்கள் என்பதால் மீட்பைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. மூழ்குபவர் பெரும்பாலும் கத்துவதில்லை, கை அசைப்பதுமில்லை. வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்க, ஓசையின்றியே உள்ளே போய்விடுகிறார். அவரைக் காப்பாற்ற ஒருவர்பின் ஒருவராகக் குதிப்பதால்தான் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து இறக்க நேர்கிறது. கரையில் இருப்பவர் குதிக்கக் கூடாது. கயிற்றையோ முடிச்சிட்ட வேட்டி, சேலையையோ, மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேனையோ வீச வேண்டும்; தீயணைப்பு மீட்புப் பணிக்கு 101 அல்லது 112, ஆம்புலன்சுக்கு 108 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். வெளியே எடுக்கப்பட்டவருக்கு மூச்சில்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஊதுவதையும் மார்பின் நடுவில் அழுத்துவதையும் அங்கேயே தொடங்க வேண்டும். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் உயிர் பிழைக்கக்கூடிய நிமிடங்களை வீணாக்குபவை.

இனி வேலியைப் பற்றி. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு, பொதுத் தொல்லையை, அதாவது பொதுமக்களுக்குத் தீங்கோ இடையூறோ தரும் நிலையை, நீக்குவதற்கானது. பொதுவழிக்கோ பொது இடத்துக்கோ அருகில் உள்ள குளம், கிணறு, தோண்டப்பட்ட பள்ளம் ஆகியவற்றுக்கு வேலியிடுமாறு அவற்றின் உரிமையாளருக்கோ அவற்றைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்கோ நிபந்தனை உத்தரவு பிறப்பிக்க அது வழி செய்கிறது. நிபந்தனை உத்தரவு என்பது, குறித்த காலத்துக்குள் செய், இல்லையேல் நேரில் வந்து காரணம் சொல் என்று கட்டளையிடுவது. பழைய சட்டத்தில் இதுவே 133-ஆம் பிரிவு. அதிகாரம் மாவட்ட நடுவரிடமும் கோட்ட நடுவரிடமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியரும், வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியருமே அவர்கள். ஊராட்சித் தலைவரிடமோ காவல் நிலையத்திலோ மனுவைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதால் இந்த உத்தரவு வராது. மனு கோட்டாட்சியரின் பெயருக்கே எழுதப்பட வேண்டும், அவரை ‘கோட்ட நடுவர்’ என்றே விளிக்க வேண்டும், 152-ஆம் பிரிவின்கீழ் நிபந்தனை உத்தரவு கோரப்படுகிறது என்பது முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும்.

மனுவோடு சேர்ப்பவையே அதன் பலம். கிராம நிர்வாக அலுவலரிடமோ அரசின் இணையச் சேவையிலோ கிடைக்கும் ‘அ’ பதிவேட்டின் நகல், அந்த நிலம் பட்டாவா புறம்போக்கா என்பதைக் காட்டும். புலப்பட வரைபடம் எல்லைகளைக் காட்டும். பள்ளத்தின் விளிம்பிலிருந்து சாலை, பள்ளிக்கூடம், கோயில், மேய்ச்சல் தடம் ஆகியவை எத்தனை மீட்டரில் உள்ளன என்பதை அளந்து எழுத வேண்டும். ‘பொதுவழிக்கு அருகில்’ என்பது பிரிவின் சொற்களிலேயே உள்ள நிபந்தனை என்பதால், இந்த அளவு இல்லாத மனுவை எளிதாகத் தள்ளிவிடலாம். புறம்போக்கு நிலமாக இருந்தால், அரசுக்குச் சொந்தமான இடமும் பொது இடமே என்று அப்பிரிவின் விளக்கம் கூறுவதை மனுவில் சுட்ட வேண்டும். மழைக்காலம் நெருங்கிவிட்டால், விசாரணை முடியும்வரை உடனடி ஆபத்தைத் தடுக்க 161-ஆம் பிரிவின்கீழ் இடைக்காலத் தடையாணையும் சேர்த்துக் கேட்கலாம். உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவருக்காக நடுவரே வேலையைச் செய்வித்துச் செலவை வசூலிக்க 160-ஆம் பிரிவு வழி தருகிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது. ஒப்புகை எண் இல்லாத மனுவைப் பின்னால் யாரும் தேடித் தரமாட்டார்கள்.

நிதியில்லை என்ற பதில் வரும். பழைய 133-ஆம் பிரிவின்கீழ் எழுந்த ரத்லாம் நகராட்சி வழக்கில், பணமில்லை என்பது கடமையிலிருந்து தப்பும் காரணமாகாது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1980-இலேயே தீர்ப்பெழுதினார். சுரங்கப் பணியால் பாதிக்கப்பட்ட பகுதிகளின் நலனுக்கென்றே சுரங்க, கனிமச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாவட்ட கனிம அறக்கட்டளைகள் ஏற்படுத்தப்பட்டுள்ளன. குத்தகைதாரர் காணாமற்போன பள்ளங்களுக்கு அந்த நிதியைக் கேட்பதே முறை. சென்னையின் குடிநீர்ப் பஞ்சத்தில் மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரம் குவாரிகளிலிருந்து குடிநீர் வாரியம் நீர் எடுத்தது. நீருக்காக இப்பள்ளங்களைத் தேடி அளக்க முடிந்த அரசால் வேலிக்காகவும் அதைச் செய்ய முடியும்.

குத்தகைதாரர் இன்னும் இருக்கிறாரா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் காட்டிக் கொடுக்கும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத்துறை அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, குறிப்பிட்ட புல எண்ணுக்கு வழங்கப்பட்ட குவாரிக் குத்தகை ஆணை, சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம் ஆகியவற்றின் நகல்களைக் கேட்க வேண்டும். வேலி பற்றிய நிபந்தனை அந்தக் கடிதத்தில் இருந்தால் அதுவே மனுவின் தலைசிறந்த இணைப்பு. முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீட்டைச் செய்துவிட வேண்டும்.

உயிரிழப்பு நேர்ந்துவிட்ட வீட்டில், பிணக்கூறாய்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து உடலை வாங்கிச் செல்ல உறவினர் முற்படுகிறார்கள். அவ்வாறு செய்யக் கூடாது. காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையும் பிணக்கூறாய்வுச் சான்றும் இல்லாமல் முதலமைச்சர் பொது நிவாரண நிதி கேட்பதும் உயர் நீதிமன்றத்தில் இழப்பீடு கோருவதும் மிகக் கடினமாகிவிடும். வழக்கறிஞருக்குப் பணமில்லாத பெண்களும் பட்டியலினத்தவரும் பழங்குடியினரும், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைக் கேட்டுப் பெறலாம். அதன் உதவி எண் 15100.