உங்களுக்குத் தெரியுமா? மாட்டின் ஏப்பத்தில் மீத்தேன்
மாட்டின் வயிற்றில் மீத்தேனை உண்டாக்குபவை பாக்டீரியாக்கள் அல்ல. ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள். இவை பாக்டீரியாவிலிருந்து வேறுபட்ட தனிப் பிரிவு என்பதை 1977-இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் எடுத்துக்காட்டினர்.

மாடு தின்ற வைக்கோலை முதல் இரைப்பையிலுள்ள பிற நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்யும்போது ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் வெளிப்படுகின்றன. ஆர்க்கியாக்கள் அவற்றை மீத்தேனாக மாற்றி, அதில் கிடைக்கும் ஆற்றலால் வாழ்கின்றன. ஹைட்ரஜன் தேங்காததால் நொதித்தலும் தடைப்படுவதில்லை. இந்த மீத்தேனில் பெரும்பகுதி ஏப்பமாகவே வெளியேறுகிறது.

மனிதக் குடலில் மீத்தேன் உண்டாக்கும் வேலையை முக்கியமாகச் செய்வது மெத்தனோபிரெவிபாக்டர் ஸ்மித்தி என்னும் ஆர்க்கியா. எல்லோரிடமும் இது ஒரே அளவில் இருப்பதில்லை. குடலில் உருவாகும் மீத்தேனில் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியே வெளிவருவதால், மூச்சுக்காற்றைச் சோதித்தே அதைக் கண்டறியலாம். கரையானின் குடலிலும் மீத்தேனை உண்டாக்கும் ஆர்க்கியாக்கள் உண்டு.