இன்றைக்கு யார் பாடு?

1991 ஏப்ரலில் ஜப்பானில் கேம்பாய் கருவிக்கென்று ‘சூப்பர் ரோபோ வார்ஸ்’ என்ற விளையாட்டு வெளிவந்தது. மஸிங்கர், கெட்டர் என்று வெவ்வேறு கார்ட்டூன்களில் உலா வந்த ராட்சத ரோபோக்களை பான்பிரெஸ்டோ நிறுவனம் ஒரே களத்தில் இறக்கிவிட்டது. திரை உள்ளங்கையைவிடச் சிறியது. 160க்கு 144 புள்ளிகள், நான்கே சாயல்கள். மலையளவு ரோபோ அதில் நகத்தளவு தெரியும். ஆனாலும் விளையாட்டு பிடித்துப்போனது. அந்த வரிசை இன்றும் தொடர்கிறது. கட்டத்தில் உங்கள் ரோபோக்களை நகர்த்தி, அடித்து முடித்தபின் எதிரியின் முறை வரும். அவசரமே இல்லை. ரயிலில் இறங்க வேண்டிய இடம் வந்தால் யோசனையை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கலாம்.

இப்படி முறை வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கெல்லாம் ஒரு பழைய நோய் உண்டு. முதலில் நகர்த்துகிறவருக்கு ஆதாயம். சதுரங்கத்தில் வெள்ளைக் காய்க்காரர்கள் நூறு புள்ளிக்கு ஏறக்குறைய 54, 55 எடுத்துவிடுகிறார்கள். ஜப்பானின் ‘கோ’ ஆட்டத்தில் இரண்டாவதாக ஆடுகிறவருக்கு ஆறரைப் புள்ளி இனாம். 2001இல் வந்த கையடக்கப் போர் விளையாட்டான ‘அட்வான்ஸ் வார்ஸ்’ பிரியர்கள், தங்கள் போட்டிகளில் இரண்டாமவருக்கு ஒரு காலாட்படை வீரரைக் கூடுதலாகக் கொடுத்துச் சமன் செய்கிறார்கள். கால்பந்து பெனால்ட்டியில் முதல் அணி, இரண்டாம் அணி, மறுபடி இரண்டாம் அணி, பிறகு முதல் அணி என்று வரிசையைப் புரட்டிப்போட்டு 2017இல் சோதித்தார்கள். குழப்பமாக இருக்கிறதென்று அடுத்த ஆண்டே கைவிட்டார்கள்.

பழவேற்காடு ஏரியில், யார் முறை முதலில் என்ற இந்தக் கேள்விக்குப் பின்னால் அடுப்பு எரிகிறது.

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தெற்கு ஓரம் நம்முடையது. பழவேற்காட்டு முகத்துவாரம் வழியாகத்தான் அந்த ஓரத்துக்குக் கடல் வருகிறது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஏற்றத்தோடு ஏரிக்குள் புகுந்து, சில மாதம் மேய்ந்து பருத்து, வற்றத்தோடு கடலுக்குத் திரும்பும், பெரும்பாலும் இரவில். நீர் ஓடும் வழியில் கழிகளை ஊன்றி வலை கட்டிவிட்டால் இறாலைத் துரத்த வேண்டாம். ஓட்டமே கொண்டுவந்து சேர்த்துவிடும். சிக்கல் என்னவென்றால் அப்படி வாகான இடங்கள் கொஞ்சம், வலை வைத்திருப்போர் ஏராளம். எல்லோரும் ஒரே நாளில் ஊன்றினால் முன்னால் நிற்கும் வலை பின்னால் நிற்பதன் வாயில் மண்ணைப் போடும்.

இதற்குத்தான் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய மூன்று ஊர்களின் பட்டினவர் சமூகத்தார் நெடுங்காலமாகக் காத்துவரும் ஏற்பாடு. இப்படிக் கழி ஊன்றிக் கட்டும் சுத்துவலைக்கான இடங்களை ஊர்களும் தலைக்கட்டுகளும் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். மணமான ஆண் தலைக்கட்டாகிப் பட்டியலில் ஏறுவார். எந்த இடம், எந்த நாள் என்பதில் செல்வாக்குக்கு வேலையில்லை, சீட்டு சொன்னதுதான். செபாஸ்டியன் மேத்யூ இதை விரிவாக ஆராய்ந்து எழுத, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு வெளியிட்டது. அதுவும் 1991தான்.

ஆனால் முறை வைத்தால் மட்டும் நியாயம் வந்துவிடுமா? அங்கேதான் சந்திரன் நுழைகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டிலிருந்து இழுப்பதால் ஏற்ற வற்றம் பெரிது, நீரோட்டம் வேகம். அஷ்டமி நவமிப் பக்கம் இரண்டும் குறுக்குக்குறுக்கே இழுத்து ஓட்டம் சோம்பிவிடும். (அஷ்டமி நவமியில் எதையும் தொடங்காதே என்பதற்கு வேறு காரணம் இருக்கலாம், ஓட்டத்தை நம்பி வலை கட்டுகிறவருக்கு இதுவே போதும்.) ஒரு வேக ஓட்டத்திலிருந்து அடுத்ததற்கு 14.77 நாள். இனி ஒரு கற்பனைக் கணக்கு. ஒருவருக்கு 15 நாளுக்கு ஒருமுறை பாடு வருகிறது என்று வையுங்கள். முதல் பாடு அமாவாசையில் விழுந்தால் அடுத்தது பௌர்ணமியை ஒட்டி, அதற்கடுத்தது மறுபடி அமாவாசையை ஒட்டி. ஒவ்வொரு சுற்றிலும் கால் நாள்கூட நகராது. நவமியில் மாட்டிய பக்கத்து வீட்டுக்காரர் அமாவாசைக்கு வந்துசேர ஓராண்டுக்கு மேலாகும்! காகிதத்தில் இருவருக்கும் ஒரே எண்ணிக்கையில் முறை. கூடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதே சுற்றை 22 நாளாக்கினால் ஒரு பாடு வேக ஓட்டத்தில், அடுத்தது மந்த ஓட்டத்தில் என்று மாறிமாறி வந்துவிடும். சுற்றின் நீளம் இப்படித் தோதாக அமையாதபோது சீட்டை அவ்வப்போது கலைத்துப் போடுவதே வழி.

பாடு முறைக்கு இன்னொரு பலம் உண்டு; எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. காவலுக்குத் தனியாள் வேண்டாம். உங்கள் இடத்தில் வேறொருவர் கழி ஊன்றினால் முதலில் தெரிவது உங்களுக்கு, நட்டமும் உங்களுக்கு. பாடுக்குரியவர் எப்படியும் அந்த இரவில் அங்கே இருப்பார். துருக்கியின் அலான்யா கடற்கரையிலும் மீனவர்கள் சீட்டுப் போட்டு இடம் எடுத்து, செப்டம்பரிலிருந்து தினமும் ஓரிடம் கிழக்கே நகர்ந்து, ஜனவரிக்குப்பின் மேற்கே திரும்புவார்கள். அரசியல் அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் தன் 1990ஆம் ஆண்டு நூலில் அலான்யாவை எடுத்துக்காட்டி, திருட்டைப் பிடிப்பது அங்கே முறையின் உபவிளைவு என்று விளக்கினார். பொதுச்சொத்து என்றால் எல்லோரும் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று 1968இல் சூழலியலாளர் கேரட் ஹார்டின் எழுதியதே அதுவரை வேதவாக்கு. அதை மறுத்துக் காட்டிய ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளாதார நோபல் கிடைத்தது. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இறாலுக்குக் கழி ஊன்றும் இடங்களை மீனவர் சங்கங்கள் சீட்டில்தான் பிரிக்கின்றன.

பாடு முறையைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் பட்டியலுக்குள் நின்று பார்க்கிறார்கள். வெளியே நிற்பவர்களுக்கு அது பூட்டிய கதவு. இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்த பனையோலைப் பறியில் போடுவார்கள். அவர்களுக்குச் சீட்டும் கிடையாது, முறையும் கிடையாது. ஏற்றுமதியால் இறால் விலை ஏறியபின் மற்ற ஊர்க்காரர்களும் சுத்துவலை இறக்க முனைய, தகராறுகள் வந்தன. பொதுச்சொத்து பிழைக்க யார் உள்ளே, யார் வெளியே என்ற எல்லை தெளிவாக வேண்டும் என்பது ஆஸ்ட்ரமின் முதல் விதி. அந்த எல்லையைச் சாதி வரைந்திருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்த விதியில் பதில் இல்லை.

ரோபோ விளையாட்டில் களம் யாரும் தொடாமல் நகராது. பழவேற்காட்டிலோ கடலோர மணல் முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டே இருக்கிறது. அடைபட்டால் ஏற்றமில்லை, வற்றமில்லை; இறால் குஞ்சு உள்ளே வராது, பாடு இருந்தும் பயனில்லை. முகத்துவாரம் திறந்தே இருக்க இருபுறமும் கல் சுவர் வேண்டும் என்று மீனவர்கள் பல்லாண்டு கேட்டார்கள். அரசு அந்த வேலையை எடுத்திருக்கிறது. நிலையான வாய் வந்தால் நீரோட்டம் புது வழியில் ஓடும். பழைய நல்ல இடம் சப்பையாகலாம், யாரும் சீந்தாத மூலைக்கு அடிக்கலாம் யோகம். அப்போது எந்தெந்த இடத்துக்குச் சீட்டு என்பதை மூன்று ஊர்களும் முதலிலிருந்து பேச வேண்டியிருக்கும். அந்தக் கூட்டத்தில் நான்காவதாக யாருக்கு நாற்காலி போடுவார்கள் என்று பார்க்க ஆசை.