பாசி மேயும் சின்னஞ்சிறு கெளுத்தி

உங்கள் மீன்தொட்டியின் கண்ணாடியில் பழுப்புப் பாசி படிகிறதா? அதைச் சுரண்டித் தின்பதற்கென்றே ஒரு மீன் உண்டு. ஓட்டோசிங்க்ளஸ் என்பது அதன் பெயர். தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் கெளுத்தி இனம்; நீளம் சுமார் 4 செ.மீ. தான். உறிஞ்சுவாயால் இலைகளிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு மேயும்.

ஆனால் வாங்கிய சில நாட்களிலேயே இவற்றுள் பல இறந்துவிடுகின்றன. நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவார்கள். பெரும்பாலும் காரணம் பசியே! ஆற்றில் பிடிபட்டுக் கடை வந்து சேரும்வரை இவற்றுக்குச் சரியாகத் தீனி கிடைப்பதில்லை. பளபளப்பாகக் கழுவிய புதுத் தொட்டியில் விட்டால் அங்கும் பட்டினிதான். ஆகவே தொட்டி அமைத்துச் சில மாதங்கள் சென்று, பாசி படிந்தபின் வாங்குங்கள். கடையில் வயிற்றைப் பாருங்கள். ஒட்டிய வயிறுள்ளது வேண்டாம். கூட்டமாக வாழும் மீனாதலால் ஆறேனும் வேண்டும். பாசி தீர்ந்ததும், வேகவைத்த வெள்ளரித் துண்டைக் கல்லில் கட்டி இரவில் அமிழ்த்துங்கள். மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடுங்கள், இல்லையேல் நீர் கெட்டுவிடும்.