உப்புக் கரிக்கும் முத்தம்

குழந்தையைத் தூக்கி நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தால் இனிக்க வேண்டும். உப்புக் கரித்தால்?

அப்படிக் கரிக்கிற குழந்தை வீட்டில் தங்காது என்று பழைய நாளில் ஐரோப்பியக் கிராமங்களில் சொல்லுவார்களாம். மூட நம்பிக்கை என்று அதைத் தள்ளிவிட முடியாமல் போயிற்று. 1948-ல் நியூயார்க்கில் வெயில் கொளுத்தியபோது, வெக்கை தாளாமல் சோர்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் பலருக்கு ஒரே நோய் இருப்பதை டாக்டர்கள் கவனித்தார்கள். பால் டி சான்ட் ஆக்னீஸ் என்ற டாக்டர் அந்தக் குழந்தைகளின் வியர்வையைச் சோதித்தார். அதில் உப்பு அளவுக்கு மிஞ்சி இருந்தது. தாய்மார்கள் உதட்டில் கண்டதைத்தான் அவர் சோதனைக் குழாயில் கண்டார்!

அந்த நோய்க்கு சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்று பெயர். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் இது வரும். அப்படிப்பட்ட தம்பதி பார்வைக்குத் திடகாத்திரமாகவே இருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு இடமுண்டு. உடம்புக்குள் ஊறும் சளி நீர்த்திருப்பதற்குப் பதிலாகக் கோந்து போலக் கெட்டியாகிவிடுகிறது. நுரையீரலை அடைத்துக் கிருமிகளுக்குக் குடியிருக்க இடம் கொடுக்கிறது. கணையத்தையும் அடைப்பதால் தின்றது ஜீரணமாவதில்லை. குழந்தை நன்றாகச் சாப்பிடும். உடம்பில் மட்டும் ஒட்டாது.

இந்த நோய் வெள்ளைக்காரர்களிடையேதான் அதிகம். அமெரிக்காவில் 2010 முதல் எல்லா மாநிலங்களிலும், பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து ரத்தம் எடுத்து இதற்காகப் பார்த்துவிடுகிறார்கள். சந்தேகம் வந்தால் வியர்வைச் சோதனை. அதிலும் உறுதியானால், பத்து நாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தாய் ஒரு கேள்விக்குப் பதில் தேட வேண்டும்: எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது?

இதில் என்ன யோசனை, பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போக வேண்டியதுதானே என்று தோன்றும். 1955-ல் தொடங்கிய சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் ஃபவுண்டேஷன் என்னும் ஸ்தாபனம் அந்த நாட்டில் 130-க்கு மேற்பட்ட நிலையங்களுக்கு அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. எல்லாவற்றிலும் படித்த டாக்டர்கள். எல்லோரிடமும் அதே மருந்துகள். அப்படியிருந்தும் வித்தியாசம் உண்டு என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

பெருமையா, உண்மையா?

1957-ல் க்ளீவ்லாந்து நகரில் லெராய் மாத்யூஸ் என்ற குழந்தை டாக்டர் இந்த நோய்க்காகவே ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். சில வருஷங்களில், தம்மிடம் வரும் குழந்தைகளில் வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு பேர்கூடச் சாவதில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். மற்ற டாக்டர்கள் நம்பவில்லை. மற்ற இடங்களில் குழந்தைகள் பள்ளிக்கூட வயதைக்கூட எட்டாமல் போய்க்கொண்டிருந்த காலம் அது.

1964-ல் ஃபவுண்டேஷன் பத்தாயிரம் டாலர் கொடுத்து, மினியாபொலிஸ் நகரத்து டாக்டர் வாரன் வார்விக்கை விசாரிக்கச் சொன்னது. அவர் 31 நிலையங்களின் கணக்கைத் திரட்டினார். மாத்யூஸ் சொன்னது பொய் அல்ல. அவரிடம் வந்தவர்களின் ஆயுள் மதிப்பு 21 வயது. மற்ற இடங்களில் மூன்றே வயது!

மாத்யூஸிடம் மந்திரமா இருந்தது? இல்லை. மற்றவர்கள் குழந்தைக்கு முடியாமல் போன பிறகு வைத்தியம் பார்த்தார்கள். அவர் குழந்தை ஓடியாடிக்கொண்டிருக்கும்போதே பார்த்தார். இருமல் இருக்கிறதோ இல்லையோ, தினமும் மார்பிலும் முதுகிலும் தட்டிச் சளியைக் கிளப்பச் செய்தார். அவர் கையாண்ட சில முறைகள் பின்னால் பயனில்லை என்று கைவிடப்பட்டன. ஆனால் முன்கூட்டியே கவனிக்கும் அந்தப் பிடிவாதம் நிலைத்தது. மற்ற நிலையங்களும் அவர் வழிக்கு வந்தன. 1972-க்குள் நாட்டின் சராசரியே 18 வயதுக்கு ஏறிவிட்டது.

மார்க்கைக் கேளுங்கள்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, அங்கே எத்தனை பேர் பாஸ் செய்தார்கள் என்று கேட்கிறோம். ஆஸ்பத்திரியில் கேட்கக் கூச்சப்படுகிறோம். 2006-லிருந்து ஃபவுண்டேஷன் ஒவ்வொரு நிலையத்தின் கணக்கையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டு வருகிறது. முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, மூச்சு. குழந்தை பலங்கொண்ட மட்டும் ஊதினால் முதல் விநாடியில் எவ்வளவு காற்று வெளிவருகிறது என்பது. சுமார் ஆறு வயதிலிருந்து இதை ஒழுங்காக அளக்கலாம். இரண்டாவது, உயரத்துக்கேற்ற எடை. அதே வயதுக் குழந்தைகள் நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் நம் குழந்தை நடுவில், அதாவது ஐம்பதாவது இடத்துக்குக் குறையாமல் நிற்க வேண்டும் என்பது குறி. எடை குறையாத குழந்தைக்குத்தான் நுரையீரலும் தாக்குப்பிடிக்கிறது.

ஆனால் ஒரு வருஷத்துக் கணக்கைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம். சிறிய நிலையத்தில் நாலு குழந்தைகளுக்கு உடம்பு மோசமானால் கணக்கே கவிழ்ந்துவிடும். ஏழைகள் அதிகம் வரும் இடத்தில் எண்கள் தாழ்ந்திருக்கலாம். சில வருஷக் கணக்கைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, நேரில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “இந்த எண் ஏன் குறைந்தது? என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?”

சின்சினாட்டி நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அப்படி ஒன்று நடந்தது. கணக்குகள் பகிரங்கமாவதற்குச் சில வருஷம் முன்பே, தங்கள் நிலையம் பின்தங்கியிருக்கிறது என்று டாக்டர்கள் தாங்களாகவே பெற்றோர்களைக் கூட்டிச் சொன்னார்கள். சீர்திருத்தும் வேலையில் அவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். இதை 2004-ல் எழுதிய டாக்டர் அதுல் கவாண்டே, ஒரு குடும்பம்கூட அங்கிருந்து விலகவில்லை என்கிறார். தன் குறையைத் தானே சொல்லும் டாக்டரை எந்தத் தாய்தான் விட்டுப் போவாள்?

கலகலப்பைக் கண்டு ஏமாறாதீர்கள்

நிலையத்துக்குள் நுழைந்ததும் பொம்மைகளும், சேர்ந்து விளையாடும் குழந்தைகளுமாக அறை கலகலவென்று இருந்தால் நமக்குச் சந்தோஷமாக இருக்கும். இந்த நோய்க்கு அதுவே ஆபத்து! நோயுள்ள ஒரு குழந்தையின் நுரையீரலில் இருக்கும் பொல்லாத கிருமி, அதே நோயுள்ள இன்னொரு குழந்தைக்கு எளிதில் தொற்றிவிடும். ஆகவே நல்ல நிலையத்தில் முகமூடி கொடுப்பார்கள். ஆறடி விலகியிருக்கச் சொல்லுவார்கள். வந்தவுடன் தனி அறைக்கு அழைத்துப் போய்விடுவார்கள். உறவு கொண்டாட வேண்டியவர்கள் ஒருவரையொருவர் தொடக்கூட முடியாமல் இருப்பது இந்த நோயின் கொடுமை.

பிறகு யார் யார் வந்து பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். டாக்டர் ஒருவர் மட்டும் போதாது. நர்ஸ், சாப்பாட்டுக்கு வழி சொல்பவர், மூச்சுப் பயிற்சி கற்பிப்பவர், குடும்பத்தின் பணக் கஷ்டத்தையும் மனக் கஷ்டத்தையும் விசாரிப்பவர் எல்லோரும் வேண்டும். குழந்தை நன்றாக இருந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்கிறார்களா? ஒவ்வொரு தடவையும் சளியைப் பரிசோதிக்கிறார்களா? ராத்திரி இருமல் வந்தால் யாருக்கு டெலிபோன் செய்வது? இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவதில் வெட்கமே வேண்டாம்.

தூரத்தையும் யோசிக்க வேண்டும். பிரமாதமான ஆஸ்பத்திரி எட்டு மணி நேரப் பயணத்தில் இருந்தால், வருஷத்துக்கு நாலு தடவை என்பது நாளடைவில் இரண்டாகிவிடும். ஓரளவு நல்லதாய்ப் பக்கத்தில் இருப்பது, அப்போது அதைவிட மேல்.

அரைப் பங்கு வித்தியாசம்

மாத்யூஸின் கணக்கை விசாரித்த அதே வார்விக், தம் நிலையத்தையும் முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். தினசரி வைத்தியம் செய்துகொள்ளும் நோயாளி இன்று நோயில்லாமல் இருக்க நூற்றுக்கு 99.95 பங்கு வாய்ப்பு. செய்துகொள்ளாமல் விட்டால் 99.5 பங்கு. இதில் என்ன பெரிய வித்தியாசம்? இரண்டும் நூறுதானே என்று பதினாறு வயதுப் பெண் நினைப்பாள். ஒரு நாள் விட்டால் ஒன்றும் ஆகவில்லையே என்பாள். ஆனால் 365 நாளுக்குப் பெருக்கிப் பார்த்தால், வருஷம் முழுவதும் சுகமாக இருக்கும் வாய்ப்பு முதலாமவளுக்கு நூற்றுக்கு 83. மற்றவளுக்கு வெறும் 16.

இந்த வித்தியாசத்தைக் கண்டு கவலைப்படும் டாக்டர்தான் நமக்கு வேண்டும். மூச்சின் அளவு சிறிது இறங்கினாலும் “பரவாயில்லை” என்று சொல்லிவிடாமல், ஏன் என்று துருவ வேண்டும். அதே சமயம் பிள்ளையைத் திட்டாமல், எந்த வேளை மருந்து தவறுகிறது, எதனால் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டறிய வேண்டும். திட்டினால் பிள்ளை அடுத்த தடவை பொய் சொல்லும்.

2019-ல் ட்ரிகாஃப்டா என்ற மருந்து வந்தது. 2023-லிருந்து இரண்டு வயதுக் குழந்தைக்கும் கொடுக்கிறார்கள். அங்கே இப்போது பிறக்கும் குழந்தைகளின் ஆயுள் அறுபதைத் தாண்டும் என்று மதிப்பிடுகிறார்கள். ஆனால் எல்லா வகை மரபணுப் பழுதுக்கும் அது பலிப்பதில்லை. பலித்தவர்களையும் கண்காணிக்கத்தான் வேண்டும்.

நம் நாட்டில் இந்த நோயே கிடையாது என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தார்கள். அப்படியில்லை. அடிக்கடி மார்ச் சளி, எண்ணெய் மினுங்கும் மலம், தேறாத உடம்பு என்றிருக்கும் குழந்தைக்கு வியர்வைச் சோதனை செய்ய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் வசதி உண்டு. நெற்றி உப்புக் கரிக்கிறது என்று ஒரு தாய் சொன்னால் அதையும் டாக்டர் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரியில் குழந்தை இருப்பது வருஷத்தில் நாலைந்து நாள். மற்ற முந்நூற்று அறுபது நாளும் மார்பைத் தட்டுகிறவள், மாத்திரையை எண்ணிக் கொடுக்கிறவள், எடையைப் பார்த்துப் பார்த்து ஏங்குகிறவள் தாய்தான். அவள் சொல்வதை உட்கார்ந்து கேட்டு, ஒளிக்காமல் பதில் சொல்கிற இடம் எதுவோ, அங்கே குழந்தையைக் கொண்டு போகலாம்.