பின் அச்சுக்கு ஏற்ற எண்ணெய் எது?

மழைக்காலத்தில் கொல்கத்தா நகரைக் கண்டவர்கள், முழங்காலளவு நீரைப் பிளந்துகொண்டு செல்லும் மஞ்சள் நிற அம்பாசிடர் டாக்ஸியையும் கண்டிருப்பார்கள். அதன் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே பூசணிக்காய்போல் பருத்து நிற்கும் இரும்புப் பெட்டி அவ்வேளையில் நீருக்குள் முழுகியிருக்கும். டிஃபரென்ஷியல் எனப்படும் பற்சக்கரத் தொகுதி அப்பெட்டிக்குள் இருக்கிறது. அதைக் காப்பது இரண்டு லிட்டருக்கும் குறைந்த கியர் எண்ணெய். அந்த எண்ணெய் பெட்ரோலியத்திலிருந்து வடித்தெடுக்கும் வழக்கமான வகையாக இருக்கலாமா, அல்லது விலை மிகுந்த செயற்கை வகையாக இருக்கவேண்டுமா என்பது வண்டி வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்வி. விடை காண்பதற்கு முன், அப்பெட்டிக்குள் நிகழ்வதை அறிந்துகொள்ளுதல் நலம்.

உருளுதலும் வழுக்குதலும்

கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி நதியின் மேற்குக் கரையிலுள்ள உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை, 1950-களின் பிற்பகுதி முதல் 2014 மே மாதம் வரை அம்பாசிடர் வண்டியை உற்பத்தி செய்தது. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபர்டு வண்டியே இதற்கு மூலம். முன்புறத்து எஞ்சினின் சுழற்சியை நீண்ட தண்டு ஒன்று பின் அச்சுக்குக் கொண்டுசெல்கிறது. அங்கே பினியன் என்னும் சிறு சக்கரம், கிரௌன் என்னும் பெரிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடவேண்டும். இந்த வேறுபாட்டுக்கு இடங்கொடுப்பதே டிஃபரென்ஷியலின் தொழில்.

இவ்வச்சில் பினியன், கிரௌன் சக்கரத்தின் மையத்துக்கு நேராக இராமல் சற்றுத் தாழ்ந்து அமைந்திருக்கிறது. இதற்கு ஹைபாய்டு அமைப்பு என்று பெயர். அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் 1920-களில் இதனை உருவாக்கிற்று; பேக்கார்டு நிறுவனம் அதனைக் காருக்குக் கொணர்ந்தது. தண்டு தாழ்வதால் வண்டியின் தளமும் தாழ்கிறது, ஓசையும் குறைகிறது. ஆயினும் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளுவதோடு நில்லாமல், பேரழுத்தத்தில் வழுக்கி உரசவும் செய்கின்றன. சாதாரண எண்ணெயின் மெல்லிய படலம் இவ்வுரசலில் துடைத்தெறியப்பட்டுவிடும்.

ஆகவே ஹைபாய்டு எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரமும் அடங்கிய சேர்மங்களைக் கலக்கிறார்கள். உரசும் இடத்தில் உஷ்ணம் ஏறியதும் இவை எஃகின் மேற்பரப்புடன் வினைபுரிந்து மெல்லிய பூச்சொன்றை உண்டாக்குகின்றன. தேய்வது அப்பூச்சு, பிழைப்பது பல். மெதுவாகவும் அடிக்கடி நின்றும் பாரம் இழுக்கும் டாக்ஸியில், எண்ணெய்ப் படலத்தைவிட இப்பூச்சுக்கே வேலை அதிகம். செயற்கை எண்ணெயிலும் வழக்கமான எண்ணெயிலும் கலப்பவை பெரும்பாலும் ஒரே இனத்துச் சேர்மங்களே என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

எண்கள் கூறும் பொருள்

எண்ணெய்த் தகரத்தின்மேல் 80டபிள்யூ-90 என்றோ 75டபிள்யூ-90 என்றோ பொறித்திருக்கும். முன்னது பெரும்பாலும் வழக்கமான வகை. பின்னது பெரும்பாலும் செயற்கை வகை அல்லது கலவை. இரண்டிலும் உள்ள 90 என்ற எண், 100 டிகிரி சென்டிகிரேடில் எண்ணெயின் பாகுத்தன்மை 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரையிலான வரம்பில் அடங்கும் எனக் காட்டுகிறது. அதாவது, சூடேறிய அச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒரே தடிப்புள்ளவை. வேறுபாடு குளிரிலே தோன்றும். பாகுத்தன்மை அளவு கடந்து ஏறாமல் 80டபிள்யூ எண்ணெய் பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரி வரையிலும், 75டபிள்யூ எண்ணெய் 40 டிகிரி வரையிலும் இயங்கவல்லது.

லடாக்கின் குளிர்காலத்தில் இவ்வேறுபாடு பெரிது. கொல்கத்தாவிலோ ஜனவரி இரவுகளிலும் உஷ்ணம் 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. செயற்கை எண்ணெய்க்கு மற்றொரு சிறப்பும் உண்டு: மிகுந்த உஷ்ணத்தில் அது எளிதில் கெடுவதில்லை. பெரும்பாரத்துடன் மலைப்பாதை ஏறும் வண்டிக்கும், நெடுந்தூரம் விரைந்தோடும் வண்டிக்கும் அதனால் பயன் உண்டு. எண்ணெய் மாற்றும் காலமும் நீளும். நகரத்து டாக்ஸிக்கு இந்த நீண்ட ஆயுள் கைகூடுமா என்பதே கேள்வி. அதற்குத் தடையாக நிற்பது தண்ணீர்.

வெள்ளம் புகும் வழி

ஓடிய அச்சு சூடாக இருக்கும். உள்ளிருக்கும் காற்று விரிந்து, மேலேயுள்ள சிறு மூச்சுத்துளை வழியே வெளியேறியிருக்கும். அச்சு திடீரென்று வெள்ளத்தில் முழுகினால் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. அப்போது மூச்சுத்துளை வழியாகவோ, தேய்ந்த ஆயில் சீல் வழியாகவோ நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். ஒரு புட்டியில் கொதிக்காத சூடான நீரை ஊற்றிச் சற்றுநேரம் வைத்துக் கொட்டிவிட்டு, அதன் வாயைக் குளிர்ந்த நீருள்ள தட்டில் கவிழ்த்தால், நீர் தானே புட்டிக்குள் ஏறுவதைக் காணலாம்.

நீர் கலந்த எண்ணெய் பால்போல் வெளுத்துவிடும். பேரிங்குகளும் பற்களும் துருவேறும். செயற்கை எண்ணெயும் இதற்கு விலக்கன்று. வெள்ளத்தில் முழுகிய அச்சின் எண்ணெயை, அது எவ்வளவு விலைபெற்றதாயினும், வடித்துவிடவேண்டும். பதினைந்தாண்டு கடந்த வாடகை வண்டிகளை நகரிலிருந்து விலக்கும்படி கல்கத்தா உயர்நீதிமன்றம் 2008-ஆம் ஆண்டில் ஆணையிட்டது, உற்பத்தியும் நின்றுவிட்டது. எஞ்சிய டாக்ஸியின் ஓட்டுநருக்குக் கிரௌனும் பினியனும் பழுதானால் பல நாள் வருமானம் போய்விடும். அவருக்கு, ஒரே முறை வாங்கும் உயர்ந்த எண்ணெயைவிட, மழைக்குப்பின் தவறாமல் மாற்றும் நல்ல வழக்கமான எண்ணெயே பாதுகாப்பு.

செய்யவேண்டுவன

ஜீப்பு முதலிய அலுவலக வண்டிகளைப் பேணும் களப்பணியாளருக்கும் இம்முறைகள் பொருந்தும். வண்டியின் கையேடு கூறும் தரத்தை முதலில் நோக்குக. ஹைபாய்டு அச்சுக்கு இன்று பொதுவாக ஏற்றது ஜி.எல்.5 தரம். அதே எண்ணெயைக் கையேட்டைப் பாராமல் கியர்பெட்டியில் ஊற்றலாகாது. அங்குள்ள பித்தளை வளையங்களை அதன் சேர்மங்கள் அரிக்கக்கூடும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு வரை எண்ணெய் நிற்கிறதா எனப் பார்க்கவேண்டும். அதற்கு மேல் ஊற்றினால், மிகுந்த எண்ணெய் சக்கரங்களை நோக்கிக் கசிந்து பிரேக் லைனிங்கை நனைத்துவிடலாம். பிரேக் பிடிக்காத வண்டி உயிருக்கே ஆபத்து. பழைய எண்ணெயை வண்டி ஓடி வந்த சூட்டோடு வடிக்கவேண்டும். விரலில் நுண்ணிய பொடி மினுமினுத்தால் அது இயல்பான தேய்வு. உலோகச் செதில்கள் வந்தால் பெட்டியைத் திறந்து சோதிக்கவேண்டும். மூச்சுத்துளையில் அடைந்த சேற்றை நீக்க மறத்தலாகாது.

கடுங்குளிரும் மலையேற்றமும் உள்ள இடத்தில் செயற்கை எண்ணெய்க்குக் கொடுக்கும் விலை தகும். வெள்ளமும் மந்த ஓட்டமும் உள்ள நகரில், சரியான தரமும் சரியான அளவும் காலந்தவறாத மாற்றமுமே பற்சக்கரங்களைக் காக்கும்.