ஐசியூ மானிட்டரில் கோடு நேரானால் எல்லாம் முடிந்ததா? நெஞ்சில் ஒட்டும் ஒயர்களைப் பற்றி தெரிந்துகொள்ள வேண்டியவை

சினிமாவில் அடிக்கடி பார்த்திருப்பீங்க. ஐசியூ படுக்கையில் ஒருவர் படுத்திருப்பார். பக்கத்து மானிட்டரில் ஒரு கோடு மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று கோடு நேராகும், 'பீப்' சத்தம் நீளும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கும் குடும்பம் கதறும்.

நிஜ ஐசியூவில் கோடு நேரானால், ஓடி வரும் செவிலியர் முதலில் பார்ப்பது மானிட்டரை இல்லை, நோயாளியின் முகத்தை. அவர் கண்ணைத் திறந்து "என்ன சிஸ்டர்?" என்று கேட்டால், அடுத்து அவர் நெஞ்சைப் பார்ப்பார். பல நேரம் அங்கே ஒரு ஸ்டிக்கர் வியர்வையில் கழன்று தொங்கிக்கொண்டிருக்கும். புது ஸ்டிக்கர் ஒட்டியதும் கோடு பழையபடி ஓடத் தொடங்கிவிடும்.

அவ்வளவுதானே என்று தோன்றலாம். ஆனால், இப்படிப் பொய்யாக நூறு முறை அலறிய மானிட்டர், 101-வது முறை நிஜமாகவே இதயம் நின்று அலறும்போது என்ன ஆகும்? அந்த ஒயர்களை ஒழுங்காக வைத்திருப்பது ஏன் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதைப் பார்ப்போம்.

இந்த ஒயர்கள் என்ன செய்கின்றன?

இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் அதில் மிகச் சிறிய மின்சாரம் பாய்கிறது. தோலுக்கு வந்து சேரும்போது அதன் அளவு சுமார் 1 மில்லிவோல்ட்தான். டார்ச் லைட்டில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியில் 1,500-ல் ஒரு பங்கு. இதைப் பிடிப்பதற்குத்தான் நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அதன் பெயர் எலக்ட்ரோடு. அதன் நடுவில் இருக்கும் ஈரமான ஜெல், தோலுக்கும் ஒயருக்கும் நடுவே பாலம் மாதிரி வேலை செய்கிறது.

படுக்கை மானிட்டரில் பொதுவாக 3 அல்லது 5 ஒயர்கள் இருக்கும். முழுமையான '12 லீட் இசிஜி' எடுக்க 10 ஒயர்கள் போதும். 10 ஒயரில் 12 லீட் எப்படி வரும்? 'லீட்' என்பது உண்மையில் இதயத்தை ஒரு கோணத்திலிருந்து பார்க்கும் பார்வை. 10 இடங்களில் கிடைக்கும் சிக்னல்களைச் சேர்த்து மெஷின் 12 கோணங்களைக் காட்டுகிறது. ஆனால் பேச்சு வழக்கில் ஒயரையும் 'லீட்' என்றே சொல்கிறார்கள்.

சிக்னல் இவ்வளவு சிறியது என்பதால் தொந்தரவும் அதிகம். ஜெல் காய்ந்தாலோ, ஒயர் ஆடினாலோ, பக்கத்தில் கரண்ட் ஒயர் போனாலோ கோடு கலங்கிவிடும்.

ஒரு காலத்தில் உப்புத் தண்ணீர் வாளி!

இசிஜியை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் நெதர்லாந்தின் லைடன் நகரைச் சேர்ந்த வில்லெம் ஐந்தோவன். அப்போது ஸ்டிக்கர் கிடையாது. கைகளையும் காலையும் உப்புத் தண்ணீர் நிரம்பிய வாளிகளுக்குள் வைத்துத்தான் இசிஜி எடுத்தார்கள். மெஷினின் எடை சுமார் 270 கிலோ. அதை மருத்துவமனைக்குத் தூக்கிப்போக முடியாது என்பதால், 1905-ல் மருத்துவமனைக்கும் தன் ஆய்வகத்துக்கும் நடுவே சுமார் 1.5 கி.மீ. தூரத்துக்கு டெலிபோன் ஒயர் வழியாகவே இதயத் துடிப்பைப் பதிவு செய்தார் ஐந்தோவன். 1924-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த 1.5 கி.மீ. ஒயர் இன்று படுக்கைக்கும் மானிட்டருக்கும் இடையே சில அடிகளாகச் சுருங்கிவிட்டது. ஆனால் ஒயர் சரியில்லை என்றால் மெஷினுக்குக் கண் தெரியாது என்பது மட்டும் மாறவில்லை.

சிவப்பு எங்கே, கறுப்பு எங்கே?

ஒயர்களுக்கு ஏன் கலர் கலராக முனைகள்? எது எங்கே போக வேண்டும் என்று அடையாளம் காட்டத்தான். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உலகத்தில் இரண்டு விதமான நிற முறைகள் புழக்கத்தில் உள்ளன.

ஐஈசி என்ற சர்வதேச முறை:
• வலது தோள் பக்கம் – சிவப்பு
• இடது தோள் பக்கம் – மஞ்சள்
• வயிற்றின் இடது பக்கம் – பச்சை
• வயிற்றின் வலது பக்கம் – கறுப்பு
• நெஞ்சின் நடுப்பகுதி – வெள்ளை

அமெரிக்க முறை:
• வலது தோள் பக்கம் – வெள்ளை
• இடது தோள் பக்கம் – கறுப்பு
• வயிற்றின் இடது பக்கம் – சிவப்பு
• வயிற்றின் வலது பக்கம் – பச்சை
• நெஞ்சின் நடுப்பகுதி – பிரவுன்

சர்வதேச முறையை நினைவில் வைக்க சுலபமான வழி உண்டு. வலது தோளில் ஆரம்பித்து இடது தோள், இடது வயிறு என்று வந்தால் சிவப்பு, மஞ்சள், பச்சை. அதாவது டிராஃபிக் சிக்னல் வரிசை.

இரண்டு பட்டியலிலும் சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை இருக்கின்றன. ஆனால் எல்லாமே வேறு வேறு இடத்தில். ஒரு முறைக்குப் பழகிய ஊழியர், வேறு முறை கேபிளை நிறத்தை மட்டும் பார்த்து மாட்டினால் கோடு தலைகீழாகலாம். அதனால்தான் முனையில் பொறித்திருக்கும் எழுத்தையும் படித்துப் பார்த்து மாட்ட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள்.

ஒயர் இடம் மாறினால் என்ன பெரிதாக ஆகிவிடும்? கை, கால்களில் மாட்டி எடுக்கும் இசிஜியில் வலது கை ஒயரும் வலது கால் ஒயரும் மாறிப்போனால், 'லீட் 2' என்ற பதிவு கிட்டத்தட்ட நேர்கோடாகவே வரும். வேறு சில ஒயர்கள் மாறினால், நன்றாக இருப்பவருக்கே மாரடைப்பு வந்துபோன மாதிரி இசிஜி காட்டும். அதை நம்பி சிகிச்சை ஆரம்பித்தால் அது இன்னொரு ஆபத்து.

அலாரம் அடித்துக்கொண்டே இருந்தால்?

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் 5 ஐசியூக்களில் 31 நாட்கள் மானிட்டர் அலாரங்களைக் கணக்கெடுத்தார்கள். நோயாளிகள் 461 பேர். பதிவான அலாரங்கள் 25 லட்சத்துக்கும் மேல். சத்தமாக ஒலித்தவை மட்டும் ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 187. அதில் இதயத் துடிப்புக் கோளாறு என்று மானிட்டர் சொன்ன 12,671 அலாரங்களை நிபுணர்கள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோது 88.8 சதவீதம் பொய் அலாரங்கள். இந்த ஆய்வு 2014-ல் வெளியானது.

பொய் அலாரத்துக்குப் பல காரணங்கள் உண்டு. காய்ந்த ஸ்டிக்கர், தளர்ந்த ஒயர், நோயாளி அசைவது எல்லாம் அதில் அடக்கம். பல் துலக்குவது, நெஞ்சைச் சொறிவது, கை நடுக்கம் போன்றவைகூட மானிட்டரில் ஆபத்தான வேகத் துடிப்பு மாதிரியே தெரியலாம்.

'புலி வருது, புலி வருது' கதை எல்லோருக்கும் தெரியும். அதேதான் இங்கேயும் நடக்கிறது. ஓயாமல் அடிக்கும் சத்தத்துக்குக் காது பழகிவிடுவதை 'அலாரம் சோர்வு' என்கிறார்கள். இது திறமைக்குறைவு இல்லை, மனித இயல்பு. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2013-ல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை, பல வகை மருத்துவக் கருவிகளின் அலாரம் தொடர்பாகத் தன்னிடம் பதிவான 98 சம்பவங்களில் 80 பேர் உயிரிழந்ததாக அது கூறியது.

தீர்வு பெரிய செலவு பிடிக்கும் விஷயமா? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் 2 வார்டுகளில் ஸ்டிக்கர்களைத் தினமும் மாற்றிப் பார்த்தார்கள். ஒரு படுக்கைக்கு அடிக்கும் அலாரங்கள் 46 சதவீதம் குறைந்தன. வேறு எதையும் புதிதாக வாங்கவில்லை, ஸ்டிக்கரை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

ஒரு பிளக் பறித்த உயிர்

ஒயரால் பொய் அலாரம் மட்டும்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். முன்பு இந்த ஒயர்களின் மறுமுனையில் உலோகப் பின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 1986-ல் அமெரிக்காவின் சியாட்டிலில், 4 வயது சிறுமியின் உடலில் ஒட்டியிருந்த ஒயர்களின் பின், மானிட்டர் கேபிளுக்குப் பதிலாகத் தவறுதலாக மின் இணைப்பு ஒயரில் செருகப்பட்டது. மின்சாரம் பாய்ந்து சிறுமி இறந்தார். 1993-ல் சிகாகோவில் ஒரு பச்சிளம் குழந்தையும் இதே மாதிரி பலியானது.

இதையடுத்து 1997-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்டிஏ விதியைக் கொண்டுவந்தது. ஒயரின் உலோக முனை வெளியே தெரியக் கூடாது, கரண்ட் இணைப்பில் செருக முடியாதபடி இருக்க வேண்டும் என்பது விதி. இப்போதைய ஒயர்களில் முனையைச் சுற்றி பிளாஸ்டிக் உறை இருப்பதற்கு இதுதான் காரணம். அந்த உறை உடைந்த ஒயரை டேப் சுற்றிப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

வார்டில் எப்படிக் கையாள வேண்டும்?

• ஸ்டிக்கர் ஒட்டும் இடத்தை சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாக உலர்த்த வேண்டும். முடி அதிகம் இருந்தால் கத்தரிக்க வேண்டும்.

• ஒயரை முதலில் ஸ்டிக்கரில் மாட்டிவிட்டு, பிறகு நெஞ்சில் ஒட்டுவது நல்லது. ஒட்டிய பிறகு அழுத்தி மாட்டினால் நோயாளிக்கு வலிக்கும், ஜெல்லும் பிதுங்கும்.

• திறந்த பாக்கெட்டில் நாள்கணக்கில் கிடந்த ஸ்டிக்கர் வேண்டாம். ஜெல் காய்ந்திருக்கும்.

• ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஒயரைச் சின்னதாக வளைத்து டேப் போட்டால், இழுபடும்போது அந்த வளைவு தாங்கிக்கொள்ளும். ஸ்டிக்கர் பிய்ந்து வராது.

• ஒயர்கள் நோயாளியின் முதுகுக்கு அடியில் போகக் கூடாது. நீண்ட நேரம் அழுந்தினால் தோலில் புண் வரும். கழுத்தைச் சுற்றியும் போகக் கூடாது. குழந்தைகளுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. கால் பக்கமாக ஒயரைக் கொண்டுபோவது பாதுகாப்பு.

• கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டக் கூடாது. நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு புகுந்து, கோடு ரம்பப் பல் மாதிரி தடித்துவிடும்.

• எம்ஆர்ஐ அறைக்குப் போகும்முன் சாதாரண ஒயர்களையும் ஸ்டிக்கர்களையும் எடுத்துவிட வேண்டும். சுருண்டு கிடக்கும் ஒயர் அங்கே சூடாகி, தோலில் தீக்காயம் ஏற்படுத்தலாம்.

• ஒருவருக்குப் பயன்படுத்திய ஒயரைக் கிருமிநாசினியால் துடைத்த பிறகே அடுத்தவருக்கு மாட்ட வேண்டும். துடைக்கும்போதே விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். கழற்றும்போது பிளக்கைப் பிடித்து இழுக்க வேண்டும், ஒயரை அல்ல. எடுத்து வைக்கும்போது முறுக்கிக் கட்டாமல் பெரிய வளையமாகச் சுருட்டித் தொங்கவிட்டால் உள்ளே இருக்கும் கம்பி அறுந்துபோகாது.

உடன் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

• நோயாளி நெஞ்சில் தேங்காய் எண்ணெய், தைலம், பவுடர் தடவ வேண்டாம். ஸ்டிக்கர் ஒட்டாது.

• கழுத்தில் செயின் இருந்தால் ஒயரில் சிக்காமல் ஒதுக்கி வைக்க உதவி கேளுங்க.

• பாத்ரூம் போக எழுந்திருக்கும்முன் சிஸ்டரைக் கூப்பிடுங்க. ஒயரோடு எழுந்து தடுக்கி விழுவதும், தானே பிடுங்கி எறிவதும் இரண்டுமே ஆபத்து.

• ஸ்டிக்கர் கழன்றால் நீங்களே வேறு இடத்தில் ஒட்ட வேண்டாம். இடம் மாறினால் கோடும் மாறும்.

• "சத்தம் தாங்கல" என்று அலாரத்தை நிறுத்தும் பட்டனைத் தொடவே கூடாது.

• ஸ்டிக்கருக்கு அடியில் அரிப்பு, சிவப்பு, கொப்புளம் இருந்தால் உடனே சொல்லுங்க. இடத்தையோ ஸ்டிக்கர் வகையையோ மாற்றித் தருவார்கள்.

வீட்டுக்கே ஒயரோடு அனுப்பினால்?

சிலருக்கு 'ஹோல்டர் மானிட்டர்' என்ற சின்னக் கருவியை மாட்டி 24 அல்லது 48 மணி நேரம் வீட்டுக்கு அனுப்புவார்கள். வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டிருக்கும்போது துடிப்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக. மாட்டப் போகும்முன் குளித்துவிடுங்க, ஏனென்றால் கழற்றும் வரை பொதுவாகக் குளிக்க முடியாது. முன்பக்கம் பட்டன் உள்ள தளர்வான பருத்திச் சட்டை அல்லது நைட்டி வசதியாக இருக்கும். படபடப்பு, மயக்கம், நெஞ்சுவலி வந்தால் நேரத்தைக் குறித்து வையுங்க. மயக்கமோ நெஞ்சுவலியோ என்றால் குறித்து வைப்பதோடு நிற்காமல் உடனே மருத்துவ உதவியை நாடுங்க. ஒயர் கழன்றுவிட்டால் மறைக்காமல் மருத்துவமனைக்கு போன் போட்டுக் கேளுங்க. அரைகுறைப் பதிவை வைத்து முடிவு சொல்வதைவிட, திரும்ப மாட்டுவது மேல்.

நேர்கோடு தெரிந்தால்..?

அடுத்த முறை உங்கள் உறவினரின் மானிட்டரில் கோடு நேரானால், முதலில் அவரைப் பாருங்க. பேசினாலோ, அசைந்தாலோ, சீராக மூச்சு விட்டாலோ ஒயர் கழன்றிருக்க வாய்ப்பு அதிகம். எதுவானாலும் சிஸ்டரைக் கூப்பிடுங்க. பதில் இல்லை, மூச்சு இல்லை என்றால் ஒரு நொடிகூட யோசிக்காமல் சத்தம் போட்டுக் கூப்பிடுங்க. 'ஏற்கெனவே பத்து தடவை சும்மாதான் அடிச்சுது' என்று விட்டுவிட வேண்டாம்.