கோடியக்கரையில் பறவைகளைப் படம் எடுக்கப் போறீங்களா? மார்ச்சில் மட்டும் ஏன் கூடுதல் கவனம்?

நாகப்பட்டினம் மாவட்டம் வேதாரண்யத்தை ஒட்டிய உப்புச் சதுப்பு நிலத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் வாக்கிலேயே உள்ளான்கள் வரத் தொடங்கும். பின்னாலேயே கேமராக்களும் வந்துவிடும். சேற்றில் இரை தேடும் இந்தக் குட்டிப் பறவைகளைப் படம் எடுப்பதில் என்ன சிக்கல்?

மார்ச் ஏன் முக்கியம்?

கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம், அதாவது கோழி முட்டையில் பாதி. இது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது 6,000 கிலோமீட்டருக்கும் அப்பால், சைபீரியாவின் வட முனையில். இங்கே இருக்கும் மாதங்களில் சாம்பல் நிறத்தில் சாதாரணமாகத் தெரியும். மார்ச், ஏப்ரலில் தலையிலும் நெஞ்சிலும் செம்பழுப்பு ஏறும். அலகு வளைந்த இன்னொரு வகை உள்ளான் செங்கல் நிறத்துக்கே மாறிவிடும். எல்லோரும் தேடும் படம் இதுதான்.

ஆனால் அந்த நேரத்தில்தான் பறவை பயணத்துக்கான கொழுப்பைச் சேர்க்கிறது. அதுதான் அதன் பெட்ரோல். கிட்டப் போனா பறந்துடும், சரி. திரும்பி வந்து மேய ஆரம்பிக்கும் வரை சாப்பாடும் இல்லை, சேர்த்த கொழுப்பிலும் செலவு. ஒரு தடவை என்றால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தாவது குழு வந்து அதையே செய்தால்?

கூட்டமாகப் பறக்கும் 'ஷாட்' வேண்டும் என்று கை தட்டிக் கிளப்புவது இன்னும் மோசம். அப்படி எடுத்த படத்துக்கு எத்தனை லைக் வந்தாலும் அது நல்ல படம் இல்லை.

அப்போ எப்படி எடுப்பது?

பறவையைத் துரத்தக் கூடாது, அது வரட்டும். கால் குட்டையான உள்ளான்கள் தண்ணீரின் ஓரத்தை ஒட்டியே மேய்ந்தபடி நகரும். எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, முன்கூட்டியே தூரத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். நிற்கும் மனிதனைக் கண்டால் மிரளும் பறவை, தரையோடு அசையாமல் இருப்பவரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. சாலையோரம் நிறுத்திய காரின் ஜன்னலும் நல்ல மறைவிடம்.

மேய்வதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்க்கிறதா? அங்கேயே நின்றுவிடுங்கள். விலகி நடக்க ஆரம்பித்தால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள்.

400 முதல் 600 மி.மீ. லென்ஸ், 1/1000 நொடிக்குக் குறையாத வேகம் போதும். வெள்ளை உப்புப் பரப்பைப் பார்த்து கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும், எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டுங்கள். வெயில் ஏறியதும் தரையிலிருந்து கிளம்பும் கானல் எந்த விலை லென்ஸையும் மங்கலாக்கிவிடும். அதனால் விடிந்த முதல் இரண்டு மணி நேரம்தான் வேலை நேரம்.

செல்போன் மட்டும்தான் இருக்கா? ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் கண்ணாடியில் போனை வைத்து எடுத்தால், தூரத்தில் இருந்தே ஓரளவு நல்ல படம் கிடைக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கோடியக்கரை 1967-லிருந்து சரணாலயம், 2002-லிருந்து ராம்சர் தலம். உள்ளே படம் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தம், வாழிடத்தையோ விலங்குகளையோ பாதிக்காத படப்பிடிப்புக்குத்தான் இடம் தருகிறது. ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உப்பள வரப்புகளில் ஏறும் முன் அங்கே வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தச் சேறு காலை இழுக்கும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.